எச்.எம். மேசைக்கு நோட்புக்எல்எம்: காகிதத்துக்குக் கைகொடுக்கும், பிள்ளைகள் விஷயத்தில் தள்ளியே வையுங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரத்துப் பள்ளிகளில் ஏ.ஐ. என்று சொல்லி இப்போது இரண்டு வகைச் சரக்கு வந்து இறங்குகிறது. முதல் வகை, தனியார் பள்ளிகளுக்கு ஆண்டுக் கட்டணத்தில் விற்கிற தொகுப்பு: முகத்தைப் பார்த்து வருகை போடும் கேமரா, எந்தப் பிள்ளை படிப்பை விடும் என்று கணிக்கும் பலகை, ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் அறிக்கை. இரண்டாவது வகை, காசில்லாமலே கிடைக்கும் பொதுக் கருவிகள். இங்கே பார்க்கப்போவது இரண்டாவது வகையில் ஒன்று, கூகுளின் நோட்புக்எல்எம். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி என எங்கே இருந்தாலும் ஒரு தலைமையாசிரியரின் (எச்.எம்.) கையில் இது எந்த அளவுக்கு உதவும் என்பதே கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மேசையில் குவிகிற காகிதத்தைச் சமாளிக்க இதைவிடப் பொருத்தமான இலவசக் கருவி இப்போதைக்கு இல்லை. ஆனால் ஒரு பிள்ளையைப் பற்றியோ ஓர் ஆசிரியரைப் பற்றியோ முடிவெடுக்க இதைத் தொடவே கூடாது. இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்த எச்.எம். மட்டும் இதைப் பள்ளிக்குள் கொண்டுவரட்டும்.

சாட்ஜிபிடியோ ஜெமினியோ கேள்வி கேட்டால் உலகத்தில் படித்ததையெல்லாம் கலந்து பதில் சொல்லும். நோட்புக்எல்எம் நீங்கள் ஏற்றிவைத்த ஆவணங்களிலிருந்து எடுத்துச் சொல்வதற்காகவே செய்யப்பட்டது. பதிலின் ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருக்கும். அதை அழுத்தினால் மூல ஆவணத்தில் அந்த வரி திறக்கும். 2023 மே மாதம் வேறொரு பெயரில் அறிவித்து, அதே ஆண்டு ஜூலையில் இந்தப் பெயருக்கு மாற்றினார்கள். இலவசக் கணக்கில் 100 குறிப்பேடுகள் (ஆவணங்களைத் தொகுத்து வைக்கும் இடங்கள்) வைக்கலாம். ஒரு குறிப்பேட்டில் 50 ஆவணங்கள், ஒவ்வொன்றும் 5 லட்சம் சொல் வரை. ஒரு நாளில் 50 கேள்வி கேட்கலாம். இந்த வரம்புகளைக் கூகுள் அவ்வப்போது மாற்றும் என்றாலும், ஒரு பள்ளிக்கு இது தாராளம். சந்தா கட்ட வேண்டிய தேவை எந்தப் பள்ளிக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

எச்.எம். மேசையில் என்னென்ன சேர்கிறது என்று அந்த நாற்காலியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) அலுவலகத்திலிருந்து வரும் செயல்முறைகள் எனப்படும் உத்தரவுக் கடிதங்கள், மாணவர் விவரங்களைப் பதியும் ஈமிஸ் இணையதளப் பதிவு, நலத்திட்டப் பட்டியல், காலை உணவுக் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், கட்டட உறுதிச் சான்று, தணிக்கைக் குறிப்பு. ஒரு செயல்முறையில் கேட்டிருப்பது என்ன, எந்தத் தேதிக்குள், எந்தப் படிவத்தில் என்று தேடி எடுப்பதற்குள் மூன்றாம் பாடவேளை மணி அடித்துவிடும். வகுப்புக்குள் போய் உட்கார்ந்து பார்க்கும் வேலை நாளைக்குத் தள்ளிப்போகும். பள்ளித் தலைமை என்பது அந்த வகுப்புப் பார்வையும், ஆசிரியரோடு பேசுவதும், வராத பிள்ளையின் வீட்டை விசாரிப்பதும்தான். யுனெஸ்கோ தன் 2024/25 உலகக் கல்வி அறிக்கையைத் தலைமைத்துவத்துக்கே ஒதுக்கியது. அந்த நேரத்தை மீட்டுக் கொடுக்கிறதா என்பதை வைத்துத்தான் இந்தக் கருவியை எடைபோட வேண்டும்.

கணக்கு தொடங்கும்போதே ஒன்றைச் சரியாகச் செய்துவிடுங்கள். எச்.எம்.மின் சொந்த ஜிமெயிலில் தொடங்காமல், பள்ளியின் பெயரில் உள்ள கணக்கில் தொடங்குங்கள். மாறுதல் கலந்தாய்வில் எச்.எம். அணைக்கட்டுக்கோ பேர்ணாம்பட்டுக்கோ போய்விட்டால் குறிப்பேடும் கூடவே போய்விடக் கூடாது. உதவித் தலைமையாசிரியருக்குத் திருத்தும் அனுமதி, மற்ற ஆசிரியர்களுக்குப் பார்க்கும் அனுமதி என்று பிரித்துக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே குறிப்பேட்டில் கொட்டினால் பதில் குழம்பும். மூன்றாகப் பிரித்தால் போதும். முதலாவது சட்டமும் விதியும்: கல்வி உரிமைச் சட்டம் 2009, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, தனியார் பள்ளியானால் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2018, தேவையான அரசாணைகள். இரண்டாவது நடப்புக் கல்வியாண்டின் செயல்முறைகள் மட்டும். மூன்றாவது பாடநூல், வினாத்தாள் அமைப்பு, பழைய வினாத்தாள்கள். கோப்பின் பெயரைத் தேதியில் தொடங்குங்கள்: ஆண்டு, மாதம், நாள், பிறகு பொருள். ஆவணப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் பெட்டி இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஆவணத்தின் டிக்கை எடுத்துவிட்டுக் கேட்டால் பதில் கூர்மையாக வரும்.

இனி சிக்கல்கள். தமிழ் ஆவணங்களுக்கே உரிய சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு திரையில் அழகான தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தது இயந்திரத்துக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகத்தான் போய்ச் சேரும். அப்படிப்பட்ட ஆவணத்தை ஏற்றினால் கருவி ஒன்றும் புரியாமல் நிற்கலாம். இல்லையென்றால் அரைகுறையாக ஊகித்துப் பதில் சொல்லலாம். ஆபத்து இதில்தான் அதிகம். சோதிக்க ஒரு நிமிடம் போதும். பி.டி.எஃப். கோப்பைத் திறந்து ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் புரியும் பொது எழுத்துக் குறியீடு), அப்படியே ஏற்றலாம். கிறுக்கலாக விழுந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு ஏற்றுங்கள். பாடநூல் கோப்புகளுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப் குழுவில் சுற்றி வரும் செயல்முறைப் படங்கள். யாரோ கோணலாக எடுத்த படம், தேதியின் மேலேயே அலுவலக முத்திரை, ஓரம் வெட்டுப்பட்ட அட்டவணை. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும்போது தமிழில் வழக்கமாகத் தவறுகிற இடங்கள் தெரிந்தவையே: துணைக்கால் ரகரமாகும், ரகரம் துணைக்காலாகும், புள்ளி விழுந்துபோகும், ணகரமும் னகரமும் இடம் மாறும். சொல் தவறினால் கண்ணில் படும், ஆனால் எண் தவறினால் யாருக்கும் தெரியாது. 13 என்பது 18 ஆனாலும் வாக்கியம் சரியாகவே இருக்கும். அதனால் படமாக வந்த செயல்முறைக்கு ஒரே விதிதான்: தேதி, தொகை, மாணவர் எண்ணிக்கை மூன்றையும் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்து, ஒட்டிய உரையாகத் தனியே சேர்த்துவிடுங்கள்.

செயல்முறைகளின் அமைப்பிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. மேலே ந.க. எண் (கடிதத்தின் கோப்பு எண்), நாள். அதன்கீழ் 'பார்வை' என்று நான்கைந்து பழைய கடிதங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். பிறகுதான் உத்தரவு. "இந்த உத்தரவு எப்போது போடப்பட்டது?" என்று கேட்டால், பார்வையில் கிடக்கும் ஏதோ ஒரு தேதியைக் கருவி எடுத்து நீட்ட வாய்ப்பு உண்டு. கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "பார்வையில் உள்ள கடிதங்களை விட்டுவிடு. உத்தரவுப் பத்திகளில் தலைமையாசிரியர் செய்ய வேண்டியவை எவை, ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் எது, அறிக்கை யாருக்கு? நாள் குறிப்பிடப்படாவிட்டால் குறிப்பிடப்படவில்லை என்று சொல்." கடைசி வாக்கியம் முக்கியம். இல்லாததை இல்லை என்று சொல்ல வழி விடாவிட்டால் இந்த வகைக் கருவிகள் எதையாவது இட்டு நிரப்பும்.

நம்பலாமா என்று பார்க்க, விடை தெரிந்த கேள்விகளை வைத்துத் தொடங்குங்கள். கல்வி உரிமைச் சட்டத்தை ஏற்றிவிட்டு, ஏழாம் வகுப்புக்கு ஓராண்டில் எத்தனை வேலைநாள், எத்தனை கற்பித்தல் மணி என்று கேளுங்கள். சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரை 220 நாள், 1000 மணி. 1 முதல் 5 வரை 200 நாள், 800 மணி. இரண்டும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து இருப்பதால், அட்டவணையைச் சரியாகப் படிக்காத கோப்பில் நாள் ஒரு வரியிலிருந்தும் மணி வேறு வரியிலிருந்தும் வந்து விழும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் எத்தனை பங்கு என்றும் கேளுங்கள்: நான்கில் மூன்று பங்கு, மொத்த உறுப்பினரில் பாதி பெண்கள், பிரிவு 21. ஆசிரியரின் வாரப் பணி நேரம் தயாரிப்பையும் சேர்த்து 45 மணி. இந்த மூன்றுக்கும் சரியான விடையும் சரியான மேற்கோள் எண்ணும் வந்தால் கோப்பு நன்றாக ஏறியிருக்கிறது. ஒன்று தவறினாலும் கோப்பை நீக்கிவிட்டு நல்ல பிரதியைத் தேடுங்கள்.

இதைவிடக் கவனிக்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. மேற்கோள் சரியாக இருக்கும், பதில் தவறாக இருக்கும். 2009இன் மூலச் சட்டத்தை மட்டும் ஏற்றிவிட்டு, எட்டாம் வகுப்பு மாணவரை அதே வகுப்பில் நிறுத்தலாமா என்று கேட்டால், கூடாது என்று சொல்லி பிரிவு 16ஐக் காட்டும். வரி அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பிரிவு 2019இல் திருத்தப்பட்டு, 5, 8 வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்த அரசுகளுக்கு இடம் கொடுத்தது. தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. எட்டு வரை நிறுத்துவதில்லை என்பதே இங்கே நடைமுறை. ஆக இறுதி விடை தமிழ்நாட்டுக்குப் பொருந்துகிறது, காரணம் தவறு. கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளியின் எச்.எம். இதே பதிலை நம்பினால் விடையும் தவறிவிடும். ஏற்றாத திருத்தத்தைப் பற்றிக் கருவிக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்பதும் அதற்குத் தெரியாது. சட்டக் குறிப்பேட்டில் மூலச் சட்டத்தோடு திருத்தச் சட்டங்களையும் ஏற்றி, "இந்தப் பிரிவுக்குப் பிந்தைய திருத்தம் ஏதாவது ஆவணங்களில் உள்ளதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பதைப் பழக்கமாக்குங்கள்.

ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தாலும் கேள்வியைத் தமிழில் கேட்கலாம், அமைப்புகளில் வெளியீட்டு மொழியைத் தமிழாக வைத்துக்கொள்ளலாம். இந்த வகைக் கருவிகளின் தமிழ் கடந்த சில ஆண்டுகளில் நன்றாகவே தேறியிருக்கிறது. ஓபன்ஏஐ 2024 மே மாதம் புதிய ஏ.ஐ. மாதிரியை வெளியிட்டபோது, முன்பு கருவி படிப்பதற்காக 116 துண்டுகளாக உடைத்த ஒரு தமிழ் வாசகம் இப்போது 35 துண்டுகளில் அடங்குகிறது என்று காட்டியது. துண்டு குறைந்தால் வேகம் கூடும், செலவு குறையும். ஆனாலும் கல்வித் துறைச் சொற்களில் தடுமாற்றம் தொடர்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு என்பது ஒரு பதிலில் நிர்வாகக் குழு, அடுத்த பதிலில் நிர்வகிப்புக் குழு என்று வரக்கூடும். இதற்கு எளிய மருந்து, துறை பயன்படுத்தும் சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி அதையும் ஓர் ஆவணமாகச் சேர்ப்பது: பள்ளி மேலாண்மைக் குழு, முதன்மைக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர், மாற்றுச் சான்றிதழ், குறுவள மையம், இடைநிற்றல். "சொல் பட்டியலில் உள்ள சொற்களையே பயன்படுத்து" என்று கேள்வியின் முடிவில் சேர்த்துவிட்டால் சுற்றறிக்கைக்கு ஏற்ற தமிழ் கிடைக்கும். பேர்ணாம்பட்டு, காட்பாடி பக்கம் தெலுங்கும் உருதும் பேசும் வீடுகள் நிறைய. மொழியை மாற்றிக் கடிதம் எடுக்கலாம்தான், ஆனால் அந்த மொழி படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வரிக்கு வரி பார்க்காமல் ஒரு வீட்டுக்கும் அனுப்பாதீர்கள்.

ஒலிப் பதிவு வசதியைப் பலரும் வியக்கிறார்கள். ஏற்றிய ஆவணத்தை இரண்டு பேர் உரையாடுவது போல ஆக்கிக் கொடுக்கும். 2025 ஏப்ரலிலிருந்து தமிழிலும் கிடைக்கிறது. நீண்ட வழிகாட்டி நெறிமுறை வந்தால், ஆசிரியர்கள் பஸ்ஸில் வரும்போது கேட்டுக்கொள்ள இது நல்ல வழி. பெற்றோருக்கு அனுப்ப மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். உரையாடலைச் சுவையாக்கும் முயற்சியில் 'கட்டாயம்' என்பது 'செய்தால் நல்லது' என்று தளர்ந்துவிடலாம், ஆவணத்தில் இல்லாத ஊக்கச் சொற்கள் சேரலாம். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. குடியாத்தத்தில் பீடி சுற்றிக்கொண்டோ தறியில் உட்கார்ந்துகொண்டோ போனைக் காதில் வைக்கும் ஒரு தாய்க்கு, பிள்ளையின் எச்.எம். தன் குரலில் இரண்டு நிமிடம் பேசி அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் போதும். அந்தக் குரல் தெரிந்த குரல், திருப்பிக் கேள்வி கேட்கக்கூடிய குரல். பேச வேண்டிய ஐந்து குறிப்புகளைக் கருவியிடம் வாங்குங்கள், பேசுவது நீங்களாக இருங்கள்.

வினாத்தாள் வேலையில் பாதி உதவி கிடைக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 14 ஒரு மதிப்பெண், 15 முதல் 28 வரை இரண்டு மதிப்பெண், அதில் 10 எழுத வேண்டும், 28 கட்டாயம், 29 முதல் 42 வரை ஐந்து மதிப்பெண், அதிலும் 10, 42 கட்டாயம், 43, 44 இரண்டும் எட்டு மதிப்பெண், அல்லது வகை. மொத்தம் 100. இந்த அமைப்பை எழுதிக் கொடுக்காமல் "முழு வினாத்தாள் தயார் செய்" என்றால் எண்ணிக்கை எங்காவது பிசகும். பகுதி பகுதியாகக் கேளுங்கள், இயல் வாரியாக எத்தனை வினா என்றும் சொல்லுங்கள். பிறகு விடைக்குறிப்பைக் கணக்கு ஆசிரியர் பேனாவோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். 3, 7, 11 என்று போகும் கூட்டுத்தொடர் வரிசையின் 20ஆவது உறுப்பு 79. பொது வித்தியாசத்தை 19 முறை சேர்க்க வேண்டிய இடத்தில் 20 முறை சேர்த்தால் 83 வரும். மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு அதுதான், அதனால் 83 தெரிவுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். இயந்திரம் தரும் தெரிவுகளில் 83 இல்லாமல் சம்பந்தமே இல்லாத 45ம் 102ம் இருந்தால், அந்த வினா பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது என்பதைக் காட்டாது. பிள்ளைகளின் தவறுகளை ஆண்டுக்கணக்காகத் திருத்திய ஆசிரியருக்கு மட்டுமே அந்தத் தெரிவை வைக்கத் தெரியும். சரியான விடை தொடர்ந்து ஒரே எழுத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள்; படம் தேவைப்படும் வடிவியல் வினாக்களைக் கையாலேயே தயார் செய்யுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் காகிதம் பற்றியது. அடுத்து, ஏற்றவே கூடாதவை.

வகுப்புப் பார்வைக் குறிப்புகளை ஏற்றிவிட்டு "எந்த ஆசிரியர் பின்தங்கியிருக்கிறார்?" என்று கேட்டால், கருவி தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லும், மேற்கோள் எண்ணோடு சொல்லும். இந்த மதிப்புரையில் மிகவும் அஞ்ச வேண்டிய இடம் என்று நான் கருதுவது இதைத்தான். கேமரா விற்பவரின் அறிக்கையைச் சந்தேகிக்கிற எச்.எம்.கூட, தன் கைப்படத் தானே எழுதிய குறிப்பிலிருந்து வந்த பதில் என்பதால் இதை நம்பிவிடுவார். அந்தக் குறிப்பில் என்ன இருக்கிறது? நாற்பது நிமிடத்தில் கண்ணில் பட்ட நாலு வரி. அந்த ஆசிரியருக்கு அன்று இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்த்து உட்கார வைத்திருந்தது அதில் எழுதப்பட்டிருக்காது. எழுதாததெல்லாம் இயந்திரத்தைப் பொறுத்தவரை நடக்காதவை. ஆசிரியர்களைப் பற்றி எச்.எம். எழுதியதை இயந்திரம் படிக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் ஒருமுறை தெரிந்துவிட்டால், அதன்பின் எந்த ஆசிரியரும் "இந்தப் பாடம் எனக்கு ஓடவில்லை, சார்" என்று வந்து சொல்ல மாட்டார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கிற நிலையில் இருப்பதுதான் ஒரு எச்.எம்.முக்குப் பெரிய பலம். யுனெஸ்கோ 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆசிரியர்களுக்கான ஏ.ஐ. திறன் சட்டகம் 15 திறன்களை ஐந்து பிரிவுகளில் அடுக்குகிறது. அதில் முதல் பிரிவே மனிதரை மையமாக வைத்த மனப்பாங்கு. தொழில்நுட்ப அறிவு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

பிள்ளைகளின் விவரத்தில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இன்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி. குழந்தைகள் தரவுக் கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். சில நோக்கங்களுக்குக் கல்வி நிறுவனங்களுக்குத் தளர்வு உண்டு என்பதை வைத்துக்கொண்டு, பெயர்ப் பட்டியலை வெளிநிறுவனத்தின் கருவியில் ஏற்றுவது தவறான துணிச்சல். போக்சோ தொடர்பான எந்தத் தாளும், எந்த உருவிலும், இதற்குள் போகக் கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளிப்படுத்துவது அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம். ஆதார், ஈமிஸ் எண், சாதிச் சான்று, மருத்துவக் குறிப்பு, ஆலோசனைக் குறிப்பு எதுவும் கூடாது. ஏற்றியதை வைத்து நோட்புக்எல்எம் தன் ஏ.ஐ. மாதிரியைப் பயிற்றுவிப்பதில்லை என்று கூகுள் சொல்கிறது. தனிப்பட்ட கணக்கில் பதிலுக்குக் கருத்துப் பொத்தானை அழுத்தினால், அந்த உரையாடலை ஆட்கள் பார்க்க நேரிடலாம் என்றும் அதுவே சொல்கிறது.

இடைநிற்றலைக் கணிக்கும் பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளை பிப்ரவரி, மார்ச்சில் நாலு நாள் வரவில்லை என்றால், புளி உலுக்கும் காலம் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். ஜூலையில் வரவில்லை என்றால் காரணம் வேறு, உடனே ஆள் போக வேண்டும். வருகைச் சதவீதத்தில் இரண்டும் ஒன்றுதான். மூன்று நாள் தொடர்ந்து வராதவர் பட்டியலை எடுக்கப் பதிவேடே போதும், அதற்கு ஏ.ஐ. வேண்டாம். பட்டியலை எடுத்த பிறகு யார் அந்த வீட்டுக்குப் போவது என்பதைத்தான் எச்.எம். முடிவு செய்ய வேண்டும். முகத்தை வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளைப் பள்ளிகளில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியிலிருந்து தடைசெய்துவிட்டது (மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு). 'பிள்ளைகளின் கவனத்தை அளக்கும் கேமரா' என்று விற்பனையாளர் வந்தால் அந்தத் தகவலைச் சொல்லி அனுப்பலாம்.

மாணவர் ஏ.ஐ. கொண்டு எழுதினாரா என்று கண்டுபிடிக்கும் கருவிகளையும் தலைமையாசிரியர்கள் கேட்கிறார்கள். வாங்காதீர்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ 2023 ஜனவரியில் தானே ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. அது ஏ.ஐ. எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏ.ஐ. என்று தவறாகக் குறித்தது. துல்லியம் போதாதென்று ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத மாணவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை இந்த வகைக் கருவிகள் சராசரியாகப் பாதிக்கும் மேல் ஏ.ஐ. எழுத்து என்று தவறாகச் சொன்னதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு காட்டினார்கள். எளிய சொற்களில் ஆங்கிலம் எழுதும் நம் பிள்ளைகள்தான் இதில் மாட்டுவார்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, எழுதியதில் இரண்டு கேள்வி கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பள்ளிக்குள் கொண்டுவருவதற்கு முன் ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு பக்கத் தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். என்னென்ன ஏற்றலாம், என்னென்ன கூடாது. யார் ஏற்றுவது, யார் சரிபார்த்துக் கையொப்பமிடுவது. பயன்படுத்த விரும்பாத ஆசிரியர் பயன்படுத்தாமலே இருக்கலாம். இதனால் மிச்சமாகும் நேரத்துக்குப் புதிய அறிக்கை எதுவும் கேட்கப்படாது. கடைசிக் கூறு இல்லாவிட்டால் மற்றவை வீண். மிச்சமான அரைமணியில் இன்னொரு படிவம் வந்து உட்கார்ந்துவிட்டால் ஆசிரியர்களுக்கு இந்தக் கருவியால் ஒரு நன்மையும் இல்லை. எச்.எம். தன் கால அட்டவணையிலும் தினம் ஒரு பாடவேளையை வகுப்புப் பார்வைக்கென்று எழுதி ஸ்டாஃப் ரூமில் ஒட்டிவிட வேண்டும், அந்த நேரத்தில் போன் அலுவலக அறையிலேயே இருக்க வேண்டும்.

ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கத்து மேல்நிலைப் பள்ளிக்கு இவ்வளவு ஏற்பாடும் பலன் தரும். இரண்டு ஆசிரியர் உள்ள தொடக்கப் பள்ளிக்கு இது பொருந்தாது. அங்கே எச்.எம்.மே மூன்று வகுப்பு எடுக்கிறார். மூன்று குறிப்பேடு பராமரிக்க அவருக்கு நேரம் கிடையாது. மலையில் சிக்னலும் நம்பும்படி இல்லை. அந்தப் பள்ளிகளுக்கு, பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான குறுவள மையத்தில் ஒருவர் செயல்முறைக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பார்க்கும் அனுமதி கொடுப்பதும், வாரத்துக்கு ஒருமுறை "இந்த வாரம் செய்ய வேண்டியவை, கடைசி நாள்" என்று அரைப்பக்கம் எடுத்துச் சரிபார்த்து வாட்ஸ்அப்பில் போடுவதும் போதும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முந்தைய ஆண்டின் செயல்முறைகளை அந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் சென்ற ஆண்டின் கடைசி நாளைக் காட்டி இந்த ஆண்டுப் பள்ளிகளை அது அலையவிடும்.